பதில் கோல் அடித்த பெண்: கோஸ்டா ரிக்காவின் ரகெல் ரோட்ரிகஸ்

"மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண்கள் கால்பந்து முன்கள வீராங்கனையின் விளையாட்டு வாழ்க்கையைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா?" என்பது கேள்வி. இதைப் படித்தவுடன் என் மனத்தில் வந்து நின்ற பெயர் கோஸ்டா ரிக்காவைச் சேர்ந்த ரகெல் ரோட்ரிகஸ். அமெரிக்காவில் அவரை எல்லோரும் "ராக்கி" என்றே அழைக்கிறார்கள். ஒரு விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. அணிப் பட்டியல்களில் அவருடைய பெயருக்கு நேரே பெரும்பாலும் "நடுக்களம்" என்றுதான் எழுதியிருக்கும். ஆனாலும் அவருடைய நாட்டுக்காகவும், பல்கலைக்கழகத்துக்காகவும், தொழில்முறை அணிகளுக்காகவும் அவர் செய்த முக்கியமான காரியங்கள் எல்லாம் எதிரணியின் கோலுக்கு அருகில் நடந்தவை. அதனால் அவரைத் தாக்குதல் வீராங்கனையாகவே கருதி எழுதுகிறேன்.

2015 ஜூன் 9 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் உள்ள ஒலிம்பிக் மைதானத்தில் ஸ்பெயினும் கோஸ்டா ரிக்காவும் மோதின. பெண்கள் உலகக் கோப்பையில் இரண்டு நாடுகளுக்கும் அதுவே முதல் ஆட்டம். மத்திய அமெரிக்காவிலிருந்து ஓர் அணி அந்தப் போட்டிக்குள் நுழைந்ததும் அதுவே முதல் முறை. 13ஆவது நிமிடத்தில் ஸ்பெயினின் விக்டோரியா லொசாடா கோல் அடித்தார். அது அவருடைய நாட்டின் முதல் உலகக் கோப்பை கோல். ஸ்பெயின் வீராங்கனைகளின் மகிழ்ச்சி அடங்குவதற்குள், 14ஆவது நிமிடத்தில், ரகெல் கோலுக்கு முன்னால் கோடு போட்டுக் குறித்திருக்கும் பெட்டிக்குள் புகுந்து பந்தை வலைக்குள் அனுப்பினார். இது கோஸ்டா ரிக்காவின் முதல் உலகக் கோப்பை கோல். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அப்போது அவருக்கு வயது 21. இன்னும் கல்லூரியை முடிக்காத மாணவி.

நான் பள்ளிக் காலத்தில் முன்களத்தில் ஆடியிருக்கிறேன். நான் பெரிய ஆட்டக்காரர் எல்லாம் இல்லை, பள்ளி அணி அளவில்தான். அந்தச் சிறிய அனுபவத்திலிருந்து ஒன்றை உறுதியாகச் சொல்வேன். கோல் வாங்கிய அடுத்த ஐந்து நிமிடங்கள்தான் ஓர் அணிக்கு மிகவும் ஆபத்தானவை. தலைகள் குனிந்திருக்கும், ஒருவரை ஒருவர் குறை சொல்லத் தோன்றும், பந்தைக் கேட்டு வாங்கவே தயக்கமாக இருக்கும். உலகக் கோப்பை என்ற மேடையில் முதல் முறையாக நிற்கும் சிறிய நாட்டின் அணிக்கு அந்தத் தயக்கம் பல மடங்கு கனமாக இருந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒருவர் ஓடிப் போய்ச் சரியான இடத்தில் நிற்கிறார் என்றால், அதற்குக் காலின் திறமை மட்டும் போதாது. இந்தக் குணத்தை அவருடைய வாழ்க்கையில் மீண்டும் ஒரு முறை, ஏழு ஆண்டுகள் கழித்து, இன்னும் அழகான வடிவில் பார்க்கப் போகிறோம்.

ரகெல் 1993 அக்டோபர் 28 அன்று சான் ஹோசேயில் பிறந்தவர். தந்தையும் கால்பந்து ஆடியவர். அதனால் வீட்டில் பந்துக்குத் தடை இருக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வெளியே நிலைமை வேறு. கோஸ்டா ரிக்காவில் ஆண்கள் கால்பந்து என்பது ஏறக்குறைய மதம் போன்றது. 1990இல் இத்தாலியில் அந்த நாட்டு ஆண்கள் அணி தன் முதல் உலகக் கோப்பையிலேயே ஸ்காட்லாந்தையும் ஸ்வீடனையும் வென்றதை இன்றும் கொண்டாடுகிறார்கள். பெண்களுக்கோ உள்நாட்டு லீக் என்பது வேலைக்கோ கல்லூரிக்கோ போய்விட்டு வந்து மாலையில் ஆடும் ஆட்டமாகவே நெடுங்காலம் இருந்தது. அதைக் கொண்டு பிழைக்க முடியாது. இந்தச் சூழலில் 2008இல் நியூசிலாந்தில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைக்கும், 2010இல் ஜெர்மனியில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைக்கும் கோஸ்டா ரிக்கா தகுதி பெற்றது. இரண்டிலும் ரகெல் ஆடினார். அவருக்கு முன்னால் ஷிர்லி குரூஸ் என்ற ஒருவர் மட்டும் ஐரோப்பாவில் பெரிய பெயர் எடுத்திருந்தார். பிரான்சின் லியோன் அணியில் ஆடி 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்ற அவர், பிறகு பாரிஸ் அணிக்குச் சென்றார். அவர் போன வழி ஐரோப்பிய வழி. ரகெல் தேர்ந்தெடுத்தது அமெரிக்கப் பல்கலைக்கழக வழி.

இந்த இரண்டாவது வழியைச் சற்று விளக்க வேண்டும். ஏனென்றால் மத்திய அமெரிக்கப் பெண்கள் பலருக்கு அதுவே திறந்திருந்த கதவு. கூட்டாட்சி அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் பாலின வேறுபாடு காட்டக் கூடாது என்று 1972இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. அதன் விளைவாகப் பல்கலைக்கழகங்கள் பெண்கள் விளையாட்டுக்கும் பணம் ஒதுக்க வேண்டியதாயிற்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறொரு விளையாட்டான ஆண்கள் "அமெரிக்கக் கால்பந்தில்" உதவித்தொகைகள் ஏராளமாகப் போய்விடுவதால், அதை ஈடுகட்டப் பெண்கள் கால்பந்து மிகவும் வசதியான விளையாட்டாக அமைந்தது. ரகெல் படித்த காலத்தில் கல்லூரி விளையாட்டின் மிக உயர்ந்த நிலையான முதல் பிரிவில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்று தன் பெண்கள் கால்பந்து அணிக்கு 14 முழு உதவித்தொகைகள் வரை கொடுக்கலாம். ஆண்கள் கால்பந்து அணிக்கு 9.9 மட்டுமே. கல்விக் கட்டணம், தங்குமிடம், பயிற்சியாளர்கள், மருத்துவர், ஒழுங்கான மைதானம் எல்லாம் கிடைக்கும். சம்பளம் மட்டும் அந்தக் காலத்தில் கிடையாது. சொந்த நாட்டில் தொழில்முறை லீக் இல்லாத ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்டுகள் நாள்தோறும் நல்ல தரத்தில் ஆடிப் பழகக் கிடைத்த இடம் அது. கையில் ஒரு பட்டமும் மிஞ்சும்.

2012இல் ரகெல் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் ஆண்டிலேயே அந்த அணி தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை சென்று, வட கரோலினா பல்கலைக்கழகத்திடம் 4-1 என்று தோற்றது. இருபது வயதுகூட நிரம்பாதவர்களுக்கு இப்படி ஒரு தோல்வி நெடுநாள் உள்ளே தங்கியிருக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பர் 6 அன்று, வட கரோலினாவின் கேரி நகரில், டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், கோலே விழாமல் இரண்டாம் பாதியில் நெடுநேரம் இழுத்துக்கொண்டிருந்த நிலையில், ரகெல் அடித்த ஒரே கோலால் பென் ஸ்டேட் 1-0 என்று வென்றது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கால்பந்து அணிக்கு அதுவே முதல் தேசியப் பட்டம். ஜூனில் நாட்டின் முதல் உலகக் கோப்பை கோல், டிசம்பரில் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டத்துக்கான கோல் என்று ஒரே ஆண்டில் இரண்டு வரலாற்றுக் கோல்களும் அவருடைய காலிலிருந்தே வந்தன. அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கான ஹெர்மன் விருதும் அவருக்கே கிடைத்தது. கோஸ்டா ரிக்காவிலிருந்து வந்து அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்.

2016 ஜனவரியில் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கின் டிராஃப்ட் நடந்தது. டிராஃப்ட் என்றால் கல்லூரி முடித்தவர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை. எந்த அணியில் சேர வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை வீராங்கனைக்கு இருக்கவில்லை. (இந்த முறையை வீராங்கனைகள் சங்கம் பேசிப் பேசி, 2024 ஒப்பந்தத்தில் அடியோடு ஒழித்துவிட்டது. என் கருத்தில் அது மிக நல்ல முடிவு.) எமிலி சோனெட் முதலாவதாகவும் ரகெல் இரண்டாவதாகவும் எடுக்கப்பட்டார்கள். ரகெலை எடுத்தது நியூ ஜெர்சியின் ஸ்கை புளூ அணி. அந்த ஆண்டு லீக்கின் சிறந்த புதுமுக வீராங்கனை விருதை அவர் பெற்றார். ஆனால் விருது வேறு, வாழ்க்கை வேறு. 2016இல் அந்த லீக்கில் ஒரு வீராங்கனைக்குக் குறைந்தபட்ச ஊதியம் பருவத்துக்கு 7,200 டாலர். அதிகபட்சமே 39,700 டாலர். அமெரிக்க, கனடா தேசிய அணி வீராங்கனைகளுக்கு அவரவர் நாட்டுச் சங்கங்கள் தனியாக ஊதியம் கொடுத்தன. கோஸ்டா ரிக்கா போன்ற நாட்டிலிருந்து வந்தவருக்கு அந்த ஆதரவு கிடையாது. ஓர் ஆட்டத்தின் முடிவை மட்டும் பார்த்து வீராங்கனைகளை மதிப்பிடுகிறவர்கள் இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அவருடைய வாழ்க்கையின் மிகக் கடினமான ஆண்டு 2018 என்று நினைக்கிறேன். ஸ்கை புளூ அந்தப் பருவத்தில் ஆடிய 24 ஆட்டங்களில் 17இல் தோற்றது, ஆறு சமன், ஒரே ஒரு வெற்றி, அதுவும் கடைசி ஆட்டத்தில். பயிற்சி இடத்தில் குளிக்க வசதி இல்லை, வீராங்கனைகளைத் தங்கவைத்த வீடுகள் மோசமானவை என்றெல்லாம் அந்தக் கோடையில் செய்திகள் வெளியாயின. அதே ஆண்டு அக்டோபரில் உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியில் கோஸ்டா ரிக்கா ஜமைக்காவிடம் 1-0 என்றும், கனடாவிடம் 3-1 என்றும் தோற்று வெளியேறியது. கரீபியன் நாடுகளிலிருந்து பெண்கள் உலகக் கோப்பைக்குச் சென்ற முதல் அணி என்ற பெருமையை ஜமைக்கா பெற்றது. 2015இல் அப்படியொரு பெருமையைச் சுவைத்திருந்த கோஸ்டா ரிக்கா 2019 உலகக் கோப்பையை வீட்டிலிருந்து பார்த்தது. 24, 25 வயது என்பது ஒரு தாக்குதல் வீராங்கனையின் கால்கள் மிகவும் துடிப்பாக இருக்கும் வயது. அந்த வயதில் கிளப்பிலும் தோல்வி, நாட்டுக்கும் தோல்வி. இந்த இடத்தில் பலருடைய வாழ்க்கை மெல்லக் கரைந்துபோயிருக்கிறது.

இதற்கு நடுவே 2017-18இல் அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் குளோரி அணிக்குக் கடனாக, அதாவது தற்காலிகமாக, சென்று ஆடினார். அங்கே ஆஸ்திரேலியாவின் நட்சத்திர முன்கள வீராங்கனை சாம் கெர் அவருடைய சக வீராங்கனை. அமெரிக்கப் பருவம் முடிந்ததும் ஆஸ்திரேலியப் பருவம் தொடங்கும் என்பதால் அந்தக் காலத்தில் பலரும் இப்படி ஆண்டு முழுவதும் ஓய்வில்லாமல் ஆடினார்கள். ஊதியத்தை ஓரளவு சேர்த்துக்கொள்ள அதுவே வழி. உடலுக்கு நல்லது என்று சொல்ல மாட்டேன்.

2020 தொடக்கத்தில் ஒரேகான் மாநிலத்தின் போர்ட்லேண்ட் தோர்ன்ஸ் அணிக்கு அவர் மாற்றப்பட்டார். அமெரிக்கப் பெண்கள் கால்பந்தில் பார்வையாளர் கூட்டத்துக்குப் பெயர்போன அணி அது. காலியான மைதானங்களில் ஆடிப் பழகியவருக்கு அது வேறோர் உலகம். அங்கே கிறிஸ்டின் சின்கிளேர், லிண்ட்சி ஹொரன், பிறகு கிரிஸ்டல் டன், சோஃபியா ஸ்மித் என்று பெயர்பெற்ற வீராங்கனைகளுக்குப் பஞ்சமில்லை. பென் ஸ்டேட் பட்டம் வென்ற ஆண்டில் கோல் காத்த பிரிட் எக்கர்ஸ்ட்ராமும் அங்கே இருந்தார். ஸ்கை புளூவில் சில நேரம் முன்னே தள்ளப்பட்டுத் தனித்து நின்ற ரகெல், போர்ட்லேண்டில் சற்றுப் பின்னே இறங்கி, பந்தைப் பறித்து, முன்னே கொண்டுபோய்க் கொடுத்து, எதிரணி தடுத்து வெளியே தள்ளும் பந்துக்காகப் பெட்டியின் விளிம்பில் காத்து நிற்கும் ஆட்டக்காரராக மாறினார். இதைச் சிலர் இறக்கமாகப் பார்க்கலாம். நான் அவருடைய அறிவின் அடையாளமாகப் பார்க்கிறேன். 2021 மே மாதம் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தில் போர்ட்லேண்ட் பெனால்டி முறையில் கோதம் அணியை வென்றது. அந்தக் கோதம் வேறு யாரும் இல்லை, பெயர் மாற்றிக்கொண்ட பழைய ஸ்கை புளூவேதான். அதே ஆண்டு லீக் பட்டியலில் முதலிடம் பிடிப்பவருக்கான ஷீல்டையும் போர்ட்லேண்ட் பெற்றது.

அந்த ஆண்டு வெற்றிகளை மட்டும் சொல்லிவிட்டுப் போவது தவறாகும். பயிற்சியாளர் ஒருவரின் முறைகேடுகளை முன்னாள் வீராங்கனைகள் வெளிப்படையாகச் சொன்னதைத் தொடர்ந்து லீக் முழுவதும் கொந்தளித்தது. 2021 அக்டோபர் 6 அன்று நடந்த ஆட்டங்களில் ஆறாவது நிமிடத்தில் இரண்டு அணி வீராங்கனைகளும் ஆட்டத்தை நிறுத்தி, மைய வட்டத்தில் கைகோத்து நின்றார்கள். போர்ட்லேண்ட் ஆட்டமும் அவற்றில் ஒன்று. இப்படிப்பட்ட பாரத்தைச் சுமந்துகொண்டுதான் அந்த அணி அடுத்த பருவத்தை ஆடியது.

இப்போது நான் முன்பு சொன்ன அந்த இரண்டாவது பதில் கோலுக்கு வருகிறேன். 2022 அக்டோபர் 23, போர்ட்லேண்டின் பிராவிடன்ஸ் பார்க் மைதானம், அரையிறுதி ஆட்டம். எதிரணி சான் டியாகோ வேவ். லீக்கில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே அரையிறுதிக்கு வந்த அணி. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே டெய்லர் கோர்னியெக் கோல் அடித்து சான் டியாகோவை முன்னணிக்குக் கொண்டுபோனார். நிரம்பியிருந்த மைதானம் அமைதியானது. 20ஆவது நிமிடத்தில், எதிரணி தலையால் வெளியே தள்ளிய பந்து பெட்டிக்கு வெளியே நின்ற ரகெலிடம் வந்தது. பெரும்பாலானவர்கள் அதை அடக்கிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்திருப்பார்கள். ரகெல் உடலைச் சாய்த்து பந்து தரையைத் தொடும் முன்பே ஒரே அடியாக அடித்தார் (இதை வாலி என்பார்கள்); கோல்காப்பாளர் எட்ட முடியாத இடத்தில் பந்து வலையைத் தொட்டது. ஆட்டம் சமன் ஆனது. கடைசியில், கூடுதல் நிமிடங்களில், அதே ஆண்டு மே மாதம் குழந்தை பெற்றுத் திரும்பியிருந்த கிரிஸ்டல் டன் அடித்த கோலால் போர்ட்லேண்ட் 2-1 என்று வென்றது. மறுநாள் செய்திகள் எல்லாம் டன்னைப் பற்றியே பேசின, அது நியாயமும்கூட. ஆனால் அந்த வெற்றிக்கு வழி திறந்தது 20ஆவது நிமிடத்தின் அடிதான். அக்டோபர் 29 அன்று வாஷிங்டனில் நடந்த இறுதி ஆட்டத்தில் கான்சஸ் சிட்டியை 2-0 என்று வென்று போர்ட்லேண்ட் சாம்பியன் ஆனது. ரகெல் தன் 29ஆவது பிறந்தநாளைக் கொண்டாடிய மறுநாள் அது.

அடுத்த ஆண்டு, 2023 ஜூலை 21 அன்று, நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் கோஸ்டா ரிக்கா தன் இரண்டாவது உலகக் கோப்பையைத் தொடங்கியது. எதிரணி மீண்டும் ஸ்பெயின். இந்த முறை முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே ஸ்பெயின் மூன்று கோல்கள் போட்டுவிட்டது. மொத்தம் 46 முறை கோலை நோக்கி அடித்தார்கள். கோல்காப்பாளர் டானியேலா சொலேரா ஜென்னி எர்மோசோவின் பெனால்டியைத் தடுத்து, இன்னும் பல பந்துகளை அடக்கியிருக்காவிட்டால் 3-0 என்ற கணக்கு எங்கே போய் நின்றிருக்குமோ தெரியாது. ரகெல் பெரும்பாலான நேரம் பந்தைத் துரத்திக்கொண்டே இருந்தார். தாக்குவதற்கு அவருக்குப் பந்தே வரவில்லை. ஒரு மாதம் கழித்து ஸ்பெயின் உலகக் கோப்பையையே வென்றது.

இந்த இரண்டு ஆட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 2015இல் இரண்டு நாடுகளும் ஒரே கோட்டில் நின்றன. உண்மையில் அந்தப் பிரிவில் கோஸ்டா ரிக்கா தென் கொரியாவுடனும் 2-2 என்று சமன் செய்து, பிரேசிலிடம் மட்டும் 1-0 என்று தோற்று, இரண்டு புள்ளிகளுடன் மூன்றாம் இடம் பிடித்தது. ஒரே ஒரு புள்ளியுடன் கடைசி இடத்தில் நின்றது ஸ்பெயின்தான். அதன் பிறகு ஸ்பெயின் வீராங்கனைகள் 23 பேரும் சேர்ந்து, 1988 முதல் பதவியில் இருந்த தங்கள் பயிற்சியாளர் விலக வேண்டும் என்று கடிதம் எழுதினார்கள், அவர் விலகினார். பார்சிலோனா பெண்கள் அணி தொழில்முறை அணியானது. இளையோர் அணிகளுக்குப் பணமும் பயிற்சியாளர்களும் வந்தார்கள். பின்னர் லீக் முழுவதும் தொழில்முறை என்று அறிவிக்கப்பட்டது. கோஸ்டா ரிக்காவோ 2014இல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையையும், 2022இல் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையையும் தன் மண்ணில் நடத்தியது. மைதானங்கள் நிறைந்தன, ஆனால் பெண்கள் லீக்கை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தும் நிலை வரவில்லை. 2022 போட்டியின் இறுதி ஆட்டம் சான் ஹோசேயிலேயே, ரகெல் பிறந்த ஊரிலேயே நடந்தது. கோப்பையைத் தூக்கியது ஸ்பெயின். ஒரு தனி மனுஷியின் திறமை ஓர் ஆட்டத்தைச் சமன் செய்யும். எட்டு ஆண்டு முதலீட்டின் இடைவெளியை அவரால் எப்படி நிரப்ப முடியும்? அதை அவர் தலையில் சுமத்துவது எனக்குச் சம்மதமில்லை.

கண்டிப்பாக முன்களத்தில் மட்டுமே ஆடியவரைப் பற்றித்தான் அறிய வேண்டும் என்றால், அதே அணியின் மெலிசா எரேராவைப் பார்க்கச் சொல்வேன். 2015இல் 18 வயதில் தென் கொரியாவுக்கு எதிராகக் கோல் அடித்தவர், 2023இல் ஜாம்பியாவுக்கு எதிராகவும் கோல் அடித்தார். கோஸ்டா ரிக்கா பெண்கள் ஆடிய இரண்டு உலகக் கோப்பைகளிலும் கோல் அடித்தவர் அவர் ஒருவர்தான். அதே 2023 பெண்கள் உலகக் கோப்பையில் பக்கத்து நாடான பனாமாவுக்காக மார்த்தா காக்ஸ், பிரான்சுக்கு எதிராக இரண்டாவது நிமிடத்தில் நெடுந்தொலைவிலிருந்து ஒரு ஃபிரீ கிக்கைக் கோலாக்கினார். அது அவருடைய நாட்டின் முதல் உலகக் கோப்பை கோல். சிட்னியில் நடந்த அந்த ஆட்டம் பிரான்சுக்கு 6-3 என்று முடிந்தாலும், அந்த அடியை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ரகெல் 2024 தொடக்கத்தில் போர்ட்லேண்டை விட்டு லாஸ் ஏஞ்சலஸின் ஏஞ்சல் சிட்டி அணிக்குச் சென்றார். அவருடைய ஆட்டத்தை முதல் முறையாகப் பார்க்க விரும்புகிறவர்கள் கோல் தொகுப்புகளோடு நின்றுவிடாமல், 2022 அரையிறுதியின் முதல் அரை மணி நேரத்தை முழுதாகப் பாருங்கள். சான் டியாகோ கோல் அடித்த பிறகு கேமரா கொண்டாட்டத்தைக் காட்டிவிட்டு மைதானத்துக்குத் திரும்பியதிலிருந்து அவர் எங்கே நகர்கிறார், எத்தனை முறை பந்தைக் கேட்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.